காசுக்கு ஞாபகம் வந்த ஊர்

ஏழாங்கரையில் காசுக்கு ஞாபகம் வந்த வருஷம் எது என்று கேட்டால், கடல் கீழத்தெருவின் கடைசி வேப்பமரத்தைத் தின்ற வருஷம் என்பார்கள். அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. அடைமழை ஓய்ந்து உப்பளத்துப் பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தார்கள். யார் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருவது, யார் தூரத்துப் பாத்தியிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவருவது என்பதைக் கங்காணி மாடக்கண்ணு பூவா தலையா போட்டுத்தான் தீர்ப்பார். ஓரவஞ்சனை என்ற பேச்சுக்கே தன்னிடம் இடமில்லை என்பது அவருடைய பெருமை. அன்றைக்குக் காலையில் அவர் காசைச் சுண்டியபோது, முந்தின நாள் தோற்ற பெண்கள் எல்லோரும் ஜெயித்தார்கள். மறுநாள் ஜெயித்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள். அதற்கு மறுநாள் திரும்பவும் மாறியது. கங்காணி காசைப் புரட்டிப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், வேறு காசு வாங்கிச் சுண்டினார். எந்தக் காசைப் போட்டாலும் அது முந்தின தடவை யாரைக் கைவிட்டதோ அவர்களைத் தேடிப்போய் விழுந்தது. காசுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார், பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் அருமைநாயகம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. காசு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறக்கிறது, நேற்று என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது, இத்தனை தடவை தோற்றோமே அடுத்தது நமக்குத்தான் என்று நம்புகிறவன்தான் சூதில் சொத்தை விடுகிறான் என்று கரும்பலகை நிறைய எழுதிக் காட்டினார். எழுதிவிட்டுக் காசைச் சுண்டினார். பூ விழுந்தது, தலை விழுந்தது, பூ விழுந்தது, தலை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அடுத்து விழப்போவதை ஒரே குரலில் முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வாத்தியார் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அவரும் மனுஷன்தானே, சமாதானமாகிவிட்டார். பரீட்சையில் வெளியூர்க் காசைப் பற்றி எழுதுங்கள், வீட்டுக்குப் போனதும் உள்ளூர்க் காசோடு பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் ஏழாங்கரைப் பிள்ளைகள் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கினார்கள்.

ஊர் மெள்ள மெள்ள அடிபட்டு அடிபட்டுக் காசின் நியாயங்களைக் கற்றுக்கொண்டது. தோற்றவனுக்கு ஒரு ஜெயிப்பு பாக்கி. கோலிக்குண்டை வைத்துத் தோற்றவனுக்குக் கோலிக்குண்டின் கனம், படகை வைத்துத் தோற்றவனுக்குப் படகின் கனம். ரெண்டு பேர் ஒரே குலுக்கலில் நின்றால் கனத்தவன் பக்கம்தான் சீட்டு சாயும். ஆனால் வாய்விட்டுச் சொல்லி வைத்தால்தான் கணக்கு, மனசுக்குள் வைத்ததைக் காசு மதிக்காது. சாவும் மழையும் கணக்கில் வராது, அவற்றின்மேல் யாரும் எதையும் வைக்கவில்லை. தோற்க வேண்டும் என்றே தோற்பதும் செல்லாது; ஆசைப்பட்டபடி தோற்றால் அது ஜெயிப்புத்தானே என்று காசுக்குத் தெரிந்திருந்தது, அதனால் தாயம் உருட்டித் தோல்வி சேர்க்கலாம் என்று உட்கார்ந்தவர்கள் எல்லாம் அசடு வழிய எழுந்து போனார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமையானது கடைசி நியாயம். ஒரே ஒரு ஜெயிப்பு, அது எவ்வளவு அற்பமானாலும், கேட்டு வந்தாலும் கேளாமல் வந்தாலும், சேர்ந்திருந்த தோல்வி அத்தனையையும் துடைத்துவிடும். டீக்கடை இருளாண்டி துறைமுகத்தில் கடை ஒதுக்கும் குலுக்கலுக்காக ஆயுசு முழுக்கச் சேர்ந்த தோல்விகளைப் பத்திரமாக வைத்திருந்தார். பேரப்பிள்ளை ரெண்டு கையையும் மூடி நீட்டியபோது யோசிக்காமல் ஒரு கையைத் தொட்டு, உள்ளே இருந்த புளிப்பு மிட்டாயை ஜெயித்தார், எல்லாம் போயிற்று. அந்த மிட்டாயைச் சப்பிக்கொண்டே அவர் அழுததை ஊர் பார்த்தது.

அதற்குப் பிறகு ஏழாங்கரையில் மரியாதைகள் இடம் மாறின. தொட்டதெல்லாம் துலங்கும் கைக்காரர்களைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள். பையன் இன்னும் எதிலுமே ஜெயித்ததில்லை என்று தரகர்கள் சொன்னால் பெண்வீட்டார் உடனே தட்டை மாற்றிக்கொள்ளத் தயாரானார்கள். கல்யாண வீடுகளில் பெரிய தோல்விக்காரர்களுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் வெயிலுகந்தாள் பெரிய மனுஷியானதில் என்ன ஆச்சரியம்? உப்பளத்தில் வேலைபார்த்து உள்ளங்கை வெடித்துப்போன, வாய் அதிகம் பேசாத இந்த வெயிலு, பிறந்ததிலிருந்து எதிலும் ஜெயித்ததில்லை. சின்னப் பிள்ளையில் ஒற்றையா இரட்டையா விளையாடினால் அவளுடைய புளியங்கொட்டைகள் எல்லாம் அடுத்தவள் மடிக்குப் போகும். பெண்மக்களில் ஒருத்தியைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று அப்பா சீட்டு எழுதிப் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டு தன் பேரைச் சொன்னாள், தங்கச்சியின் பேர் வந்தது. கங்காணியின் காசில் அவளுக்கு எப்போதும் தூரத்துப் பாத்திதான். காசு திருந்திய பிறகும் அவள் அதில் ஜெயிக்கவில்லை, ஏனென்றால் அந்த நாட்கள் முழுக்கச் செந்தட்டிக்கு இளைப்பு வந்து அவள் வேலைக்கே போகவில்லை. செந்தட்டி அவளுடைய புருஷன்; கீழத்தெருவின் ஈரம் அவன் நெஞ்சில் ஏறி, ராவும் பகலும் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான். காய்ந்த இடத்துக்குக் கொண்டுபோனால் பிழைப்பான், இல்லாவிட்டால் அடுத்த மழையைத் தாண்டமாட்டான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். காய்ந்த இடம் என்றால் மேடுதான். காசுக்கு ஞாபகம் வருவதற்கு முன்னால், ஒரு புயலுக்குப் பிறகு மேட்டில் கட்டிய வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தபோது ஏறக்குறைய தெருவே மேலேறிப் போயிற்று, வெயிலுவும் இன்னும் சில குடும்பங்களும் மட்டும் கடலுக்கு முன்னால் மிஞ்சினார்கள். இப்போது மேட்டில் ஒரே ஒரு வீடு காலியாகியிருந்தது. கோயில் கொடை முடிந்ததும் அதற்குக் குலுக்கல் என்று தாலுகா ஆபீஸிலிருந்து தண்டோரா வந்தது.

ஞாபகம் வருவதற்கு முன்னால் நடந்த தோல்விகளும் காசுக்குத் தெரிந்திருந்ததால், அந்த வீடு வெயிலுவுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கங்காணி இனி அவள் பூவா தலையா சொல்லவே வேண்டாம் என்று தானாகவே பக்கத்துப் பாத்தியைக் கொடுத்தார். நேற்றுவரை எதிரில் வந்தால் சகுனம் பார்த்தவர்கள் இன்றைக்கு வழிவிட்டு நின்றார்கள். வெயிலுவுக்கு அது கூச்சமாக இருந்தது, உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷப்படுகிறோமே என்று பயமாகவும் இருந்தது.

அவளைக் காவல் காத்தது பவளம். வெயிலு வீட்டுக்கும் பவளக்கொடி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் அம்மி இடித்தால் அந்தப் பக்கம் உறியில் சட்டி ஆடும். பூக்கட்டிப் பார்த்து, அம்மன் சிவப்புப் பூவைக் கொடுத்துவிட்டாள் என்று நம்பி, என் வாழ்க்கையே உன் கையில் என்று சொல்லிக் கட்டிக்கொண்ட புருஷன் கொச்சிக்குப் போனவன் போனவன்தான். ரெண்டு பெண்பிள்ளைகளோடு பவளம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். வெயிலுவுக்கு அடுத்தபடியாக அந்த ஊரில் கனத்த தோல்விக்காரி அவள்தான், அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பவளம் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் உள்ளே இருக்கிற பரிசுக் கூப்பனை வெயிலு பார்ப்பதற்கு முன் தானே எடுத்துக் கிழித்தெறிவாள். தெருப்பிள்ளைகள் மூடிய கையோடு ஓடிவந்தால் முந்தானையால் விரட்டுவாள். பஸ்ஸில் வரும் டிக்கெட் விற்கிற ஆளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவைத்துச் சண்டை போட்டிருக்கிறாள். எதெல்லாம் வெயிலுவைக் கவிழ்க்கும் என்று வெயிலுவைவிடப் பவளத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கொடைக்கு மேளம், வில்லுப்பாட்டு, பொங்கல் எல்லாம் எப்போதும்போல நடந்தன. கடைசி நாள் சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் மைக்கைப் பிடித்துப் பரிசுக் குலுக்கல் நடத்தினார்கள். அடையாளமாய் ஒரே ஒரு பரிசுதான், ஓர் எவர்சில்வர் குடம். சின்னத் தோல்விக்காரர்கள் மட்டும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்; வெயிலு தப்பித்தவறிக்கூட அந்தப் பக்கம் போகாமல் அம்மன் சன்னதியில் உட்கார்ந்திருந்தாள். மைக்கில் இருந்தவன் சீட்டைப் பிரித்தான். பிரித்தவன் வாசிக்காமல் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினான். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு வேறு வழியில்லாமல், வெயிலுகந்தாள், கீழத்தெரு என்று வாசித்தான்.

யாரும் கைதட்டவில்லை. மேளக்காரர்கூடக் கோலைக் கீழே வைத்துவிட்டார். வெயிலு டிக்கெட் வாங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரோ வாங்கி அவள் பேரைச் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். ஒரு டிக்கெட் போதும். அவ்வளவு தோல்வியைச் சுமந்தவளின் பேர் எந்தக் குலுக்கலில் விழுந்தாலும் அதுதானே வரும். வாங்கியது யார் என்று கூட்டத்தில் நின்று டிக்கெட் விற்ற பையன்களுக்கு ஞாபகமில்லை. வெயிலு எழுந்து போய்க் குடத்தை வாங்கிக்கொண்டாள், வாங்காவிட்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. இடுப்பில் வெறுங்குடத்தோடு அவள் தெருவில் நடந்து வந்ததைப் பார்க்க முடியாமல் ஆம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செந்தட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, குடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அந்தச் சுவரைப் பார்த்தான். யாரு போட்டுருப்பான்னு எனக்குத் தெரியும் என்று இளைப்புக்கு நடுவில் சொன்னான். அப்படிச் சொல்லாதீங்க என்று அவன் வாயைப் பொத்தினாள் வெயிலு.

மறுநாள் உப்பளத்தில் யாரும் பவளத்தோடு பேசவில்லை. பெட்டியைத் தூக்கிவிடச் சொன்னாலும் காதில் விழாத மாதிரி நின்றார்கள். பவளம் எல்லோருக்கும் முன்னால் வந்து வெயிலுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"எட்டி வெயிலு, ஊரு ஆயிரம் சொல்லட்டும். நீ என்ன நெனைக்கே, அதச் சொல்லு. நான் செய்வனா?"

வெயிலு அவள் முகத்தைப் பார்த்தாள். செந்தட்டி மூச்சு நின்றுபோன மாதிரி கிடந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த முகம். செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். பூவா தலையா இரண்டில் ஒன்று, மூடிய கைக்குள் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வெயிலுவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரண்டது. அதை நிறுத்தியே ஆகவேண்டும் போல இருந்தது அவளுக்கு. வீடும் போய் இவளும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கங்காணியிலிருந்து கடைசிப் பாத்தியில் நிற்பவள்வரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்திப் பேசினாள்.

"பவளம் செய்யல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அவ செஞ்சிருந்தா, இந்தக் கரையில எனக்குன்னு ஒருத்தருமே இல்லன்னு வச்சுக்கிடுங்க."

பவளம் அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். மற்ற பெண்களுக்கும் மனசு இளகிவிட்டது. ஒருத்தி பவளத்துக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டாள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. குலுக்கல்வரை இருந்த நாட்களில் வெயிலு எந்தக் காசையும் தொடவில்லை, எதிலும் தோற்கவில்லை. புதிதாகத் தோல்வி சேர்க்க அவளுக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. வீடு இனிப் பவளத்துக்குத்தான் என்று ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. வெயிலுவும் ஏற்றுக்கொண்டாள். பவளம் அந்த வீட்டின் ஒரு மூலையில் அண்ணனுக்கென்று உங்களுக்கு ஒரு கட்டில் போட்டுக்கொடுப்பாள் என்றுகூட ராத்திரியில் செந்தட்டியிடம் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

குலுக்கலன்று தாலுகா ஆபீஸிலிருந்து ஜீப்பில் ஒரு சின்ன வயசு அதிகாரியம்மா வந்தார், ஏழாங்கரைக்குப் புதுசு, காசின் விஷயம் ஒன்றும் தெரியாது. மேட்டில் அந்தக் காலி வீட்டின் முன்னால் மேசை போட்டு, பேர் எழுதின சீட்டுகளைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் குலுக்கினார். மேட்டில் காற்று நன்றாக வீசியது. பவளம் பச்சைச் சேலை கட்டியிருந்தாள், பிள்ளைகளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டிக் கூட்டிவந்திருந்தாள். வெயிலு அவளுக்குப் பக்கத்தில் நின்றாள், எங்கே போனாலும் அவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அதிகாரியம்மா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார்.

"வெயிலுகந்தாள்" என்று வாசித்தார்.

ஒரு கணம் வெயிலுவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அவருக்கு மூச்சு வரும், அவருக்கு மூச்சு வரும் என்று மட்டும்தான் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை உடனே பகிர்ந்து பழகிய அவள் கை பக்கத்தில் இருந்த பவளத்தின் கையைத் தேடியது. அந்தக் கை அங்கே இல்லை.  கங்காணி மாடக்கண்ணு தனக்குத்தானே பேசுவதுபோல, கொடைக்கப்புறம் இவ எதுலயும் தோக்கலையே, காசு எதுக்குக் குடுக்கு என்று முணுமுணுத்தார். பின்னால் நின்ற பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், அன்னைக்கு வச்சுக்கிடுங்கன்னு சொன்னாளே. வச்சுக்கிடுங்க என்று இன்னொருத்தி திரும்பச் சொன்னாள். அந்தச் சொல் ஒரு வாயிலிருந்து ஒரு வாய்க்குப் போய்க் கூட்டத்தின் கடைசிவரைக்கும் சென்றது, அது போன பாதையில் ஒவ்வொருவராகப் பவளத்தின் பக்கம் திரும்பினார்கள்.

வெயிலுதான் கடைசியாகத் திரும்பினாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். மனசார, ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையோடு, இருந்த எல்லாவற்றையும் பந்தயமாக வைத்துச் சொல்லியிருந்தாள். அன்றைக்கே அவள் அதில் தோற்றாயிற்று, மூடிய கை திறந்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அது எவ்வளவு கனம் என்பது இதோ, பவளத்தின் கொச்சிப் புருஷனையும் தாண்டி, மேட்டில் நின்ற அத்தனை பேருடைய தோல்வியையும் தாண்டிச் சாய்ந்த சீட்டில் எழுதியிருந்தது. பவளம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளில் சின்னது, நமக்கு வீடு இல்லையாம்மா என்று கேட்டது.

வெயிலு மேசைக்குப் போனாள். அதிகாரியம்மா சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார், வெயிலு அதை வாங்காமல், வேறு பேர் வந்தால் பவளம் செய்யவில்லை என்று ஆகிவிடாதா என்று வாளியைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தச் சீட்ட உள்ள போட்டுட்டு இன்னொருக்க எடுங்கம்மா."

"ஏம்மா? வீடு வேண்டாமா?"

"வீடு வேணும்மா. என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது, வீடு கண்டிப்பா வேணும். இன்னொருக்க எடுங்க, வேற யாரு பேராவது வரட்டும்."

அதிகாரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தோஷத்தில் புத்தி தடுமாறுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒருதரம் எடுத்தது எடுத்ததுதான், அப்படியெல்லாம் மாற்ற முடியாது என்று தன்மையாகச் சொன்னார். அவள் விரல்களை விரித்து, சாவியை உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் திரும்ப மூடிவிட்டார். உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம் அம்மா என்றார்.

பவளம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். செய்யவில்லை என்று இன்னொரு தடவை திரும்பி நின்று ஒரு பொய் சொன்னால்கூடப் போதும், இப்போதே நம்பிவிடலாம் என்று வெயிலுவுக்கு இருந்தது. பவளம் திரும்பவில்லை. வெயிலு கதவைத் திறக்காமல் அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், கட்டிலோடு செந்தட்டியைத் தூக்கிவர ஆட்கள் கீழே போனார்கள்.